ஸ்டோரில் காய வைத்த கதவுகள்

மலையில் போய் இறங்கி அந்தப் பிக்கப்பைப் பார்த்த உடனேயே எனக்குப் பிடிக்கவில்லை. அதன் சொந்தக்காரரைப் பிடிக்காமல் போய்ப் பல வருடங்கள் ஆகிவிட்டதால், புதிதாகக் கோபப்படுவதற்கு வண்டி மட்டும்தான் பாக்கி இருந்தது. இரண்டு கதவிலும் யாரோ கட்டர் வைத்துக் கோணல்மாணலாக ஓட்டை போட்டு, பெரிய ஸ்பீக்கரைத் திணித்து, சுற்றிலும் கறுப்பு டேப் ஒட்டியிருந்தார்கள். சீட்டுக்குப் பின்னால் ஒரு பிளைவுட் பெட்டி. மலை ஈரத்தில் அது உப்பிப்போயிருந்தது. மூலையில் காளான் முளைக்காததுதான் குறை.

"இந்தக் கழிசடையெல்லாம் கழட்டி எறிஞ்சிரு மாப்ள. கம்பெனில இருந்து வந்த மாதிரி இருக்கணும். பாட்டுப் போட்டா மேட்டுல நிக்கிறவனுக்கு நெஞ்சு அதிரணும்" என்று அவர் என் வீட்டுக்காரரிடம் சொன்னார். நான் பக்கத்திலேயே நின்றுகொண்டிருந்தேன். கதவைக் கம்பெனிக் கதவு மாதிரி ஆக்கப்போவது நான். அது அவருக்கும் தெரியும். ஆனாலும் என் பக்கம் திரும்பவில்லை.

அவர் என் வீட்டுக்காரருடைய அக்காவின் புருஷன். முறைக்கு எனக்கு அண்ணன் ஆக வேண்டும். சாந்தன்பாறைக்குப் பக்கத்தில் ஓர் ஏலக்காய் எஸ்டேட்டுக்கு அந்த வண்டியை ஓட்டுகிறார். காலையில் காய் எடுக்கும் பெண்களை ஏற்றி வருவது, பகலில் உரமும் விறகும், சாயங்காலம் மறுபடி பெண்கள். வாலிபத்தில் லாரிக் கிளீனராக எங்கள் எருத்தேன்பதிப் பக்கம் வைக்கோல் ஏற்ற வந்தவர். "வைக்கோல் ஏத்த வந்தவன் புள்ளையவும் ஏத்திக்கிட்டுப் போயிட்டான்" என்று ஊரில் இன்றைக்கும் சொல்லிச் சிரிப்பார்கள். அதெல்லாம் நான் அந்த வீட்டுக்கு வாக்கப்படுவதற்கு முன்னால் நடந்தது. வந்த பிறகு, வீட்டில் எல்லாரும் சேர்ந்து திட்டுவதற்கு ஏற்கனவே ஓர் ஆள் இருந்ததில் எனக்குக் கொஞ்சம் நிம்மதிதான். இல்லாவிட்டால் அந்த இடத்தில் என்னை வைத்திருப்பார்கள்.

எங்கள் கடை மீனாட்சிபுரத்தில். முன்னால் வீட்டுக்காரரின் ஆடியோ கடை, பின்னால் என்னுடைய தகரக் கொட்டகை. கல்யாணத்துக்கு முன்பு கோயமுத்தூரில் பைபர் தொட்டி செய்யும் கம்பெனியில் நாலு வருடம் இருந்தேன். தொட்டி செய்யத் தெரிந்தவளுக்குக் கார்க் கதவு பெரிய வித்தை இல்லை. கதவின் உள்பலகையைக் கழற்றி, ஸ்பீக்கர் எந்தச் சாய்வில் உட்கார வேண்டுமோ அந்தச் சாய்வில் ஒரு மரவளையத்தை நிறுத்தி, அதன் மேல் பனியன் துணியை விறைப்பாக இழுத்து ஸ்டேப்ளர் அடிக்க வேண்டும். துணி குடிக்கும் மட்டும் ரெசின் பூசினால் அது இறுகி ஓடாகிவிடும். பின்பக்கம் கண்ணாடி நார் இரண்டு மூன்று அடுக்கு. அப்புறம் பட்டி, தேய்ப்பு, மறுபடி பட்டி, மறுபடி தேய்ப்பு, கடைசியில் பெயிண்ட். நார்த்தூள் கையில் ஏறி அரிக்கும். பவுடர் பூசிக்கொண்டுதான் உட்காருவேன், அப்படியும் அரிக்கும்.

வாடிக்கைக்காரர்கள் வந்து தடவிப் பார்த்துவிட்டு, "ஆருங்க பண்ணுனது?" என்று கேட்பார்கள். என் வீட்டுக்காரர், "ஆளு இருக்குதுங்க" என்பார். அந்த ஆள் நான்தான். தலையில் துணியைக் கட்டிக்கொண்டு பத்தடி தூரத்தில் உட்கார்ந்திருப்பேன். இதைப் பற்றி அவரோடு எத்தனையோ முறை சண்டை போட்டிருக்கிறேன். "பொம்பளை பண்றான்னு சொன்னா நம்ப மாட்டாங்க புள்ள" என்பார். நம்பாவிட்டால் போகட்டும் என்பேன். போய்விடுவார்கள் என்பார். ஏழு வருடமாக இதே பேச்சு.

எதிரே பால் சொசைட்டிக்கு வருகிறவர்கள் எங்கள் கொட்டகையைத் தாண்டும்போது மூக்கைப் பொத்திக்கொண்டு போவார்கள். அது நடிப்பு என்றுதான் நினைத்திருந்தேன். சாணிக்கு நடுவில் பிறந்து வளர்ந்தவர்களுக்கு ரெசின் வாடை அவ்வளவு குத்துமா என்று எனக்கு எரிச்சல். ஒருநாள் ஓர் ஆளை நிறுத்தி நேராகவே கேட்டுவிட்டேன். அவர் மூக்கிலிருந்து கையை எடுக்காமலேயே சைக்கிளைத் தள்ளிக்கொண்டு போய்விட்டார்.

வண்டியைக் கீழே கொண்டுவர முடியாது, ஐந்து நாளுக்கு மேல் ஓட்டம் நின்றால் மேனேஜர் வேறு வண்டி பிடித்துக்கொள்வார் என்று அண்ணன் போனில் சொன்னார். ஆகவே நாங்கள் மலைக்குப் போக வேண்டும். நான் முடியாது என்றேன். "அக்கா ஆசையாக் கூப்புடறாங்க" என்று என் வீட்டுக்காரர் ஒரு பொய் சொன்னார். அக்கா கூப்பிடவில்லை என்பது போய் இறங்கிய ஐந்தாவது நிமிடத்தில் தெரிந்துவிட்டது.

அவரை நான் நங்கை என்று கூப்பிட வேண்டும், எங்கள் பக்கம் புருஷனின் அக்காவுக்கு அதுதான் முறை. நங்கை அந்த எஸ்டேட்டின் ஸ்டோரைப் பார்த்துக்கொண்டார். ஸ்டோர் என்றால் கடை இல்லை, பறித்த ஏலக்காயைக் காய வைக்கும் கட்டிடம். வெளியில் விறகு எரியும், சூடு இரும்புக் குழாய் வழியாக உள்ளே ஓடும், தட்டுத் தட்டாகப் பச்சைக்காய் பரப்பியிருக்கும். எந்தத் தட்டை எப்போது திருப்ப வேண்டும், எப்போது தீயைக் குறைக்க வேண்டும் என்பதை நங்கை கதவைத் திறந்து ஒரு மூச்சு இழுத்துப் பார்த்தே சொல்லிவிடுவாராம். அதற்காகத்தான் எஸ்டேட் அவர்களுக்கு அந்த இரண்டு அறை வீட்டைக் கொடுத்திருந்தது. புருஷனின் வண்டிக்குக் கொடுத்தது அல்ல, நங்கையின் மூக்குக்குக் கொடுத்த வீடு. அவர்களுடைய மகள் அங்கிருந்து நடந்து போகிற தூரத்தில் பன்னிரண்டாவது படித்துக்கொண்டிருந்தாள்.

இதெல்லாம் தெரியாமல் முதல் நாள் நான் செய்த காரியம், ரெசின் டின்னை இறக்கிவைத்த கையோடு வேடிக்கை பார்க்க ஸ்டோர் வாசலுக்குப் போனது.

"அங்கயே நில்லு" என்றார் நங்கை.

நின்றேன்.

"உள்ள எட்டிக்கூடப் பாக்காத. மேலெல்லாம் என்ன நாத்தம் இது. போய்க் குளிச்சுட்டு வா."

இருபது வருடம் மலையில் இருந்ததில் அவர் பேச்சில் மதுரைப் பேச்சும் மலையாளமும் ஏறியிருந்தன. கோபம் வந்தால் மட்டும் எங்கள் ஊர்ப் பேச்சு அப்படியே வரும். எனக்குக் கிடைத்ததெல்லாம் எங்கள் ஊர்ப் பேச்சுதான். சாப்பிட உட்கார்ந்தால் குளித்தாயா என்ற கேள்வி. குளித்துவிட்டு வந்தாலும் என் சேலையை வெளிக்கொடியில்தான் போட வேண்டும், பாயை வாசல் திண்டுக்கு அந்தப் பக்கம்தான் விரிக்க வேண்டும். நான் என்ன பிணமா எரித்துவிட்டு வந்தேன்? என் வீட்டுக்காரரும் வண்டி நின்ற அதே கொட்டகையில்தான் ஒயர் இழுத்தார், அவருக்குத் தம்பி தம்பி என்று நங்கை தட்டில் போட்டுப் போட்டுக் கொடுத்தார். வந்த அன்றே ஊருக்குக் கிளம்பியிருப்பேன், மழையில் பஸ் ஓடவில்லை.

வேலை இரண்டாம் நாளே சிக்கிக்கொண்டது. ரெசினில் ஹார்டனர் ஊற்றினால்தான் அது இறுகும். நாங்கள் தராசெல்லாம் வைத்து அளக்க மாட்டோம், ஹார்டனர் பாட்டில் மூடிதான் கணக்கு. மீனாட்சிபுரம் வெயிலில் ஒரு டப்பாவுக்கு ஒரு மூடி. காற்று சுட்டுக்கொண்டு அடிக்கிற மாதத்தில் முக்கால் மூடி போதும், அதற்குமேல் ஊற்றினால் டப்பாவிலேயே கொதித்துப் புகைய ஆரம்பித்துவிடும். கை அந்தக் கணக்குக்குப் பழகியிருந்தது. மலையில் முதல் நாள் ஒரு மூடி ஊற்றிப் பூசினேன். சாயங்காலம் வரைக்கும் பஜ்ஜி மாவாகக் கையில் ஒட்டிக்கொண்டிருந்தது. மறுநாள் காலையில் ஒன்றரை மூடி, இரண்டு மூடி. மேகம் கொட்டகைக்குள்ளேயே வந்து உட்கார்ந்துகொண்டது, துணி இறுகவே இல்லை. சூடு காட்ட ஹாலஜன் விளக்கு கொண்டுபோயிருந்தோம். கரண்ட் போய் இரண்டு நாள் ஆகியிருந்தது.

அண்ணன் ஒரு மணிக்கொரு தரம் வந்து விரலால் தொட்டுப் பார்ப்பார். விரல் ஒட்டும். அதை என் வீட்டுக்காரரின் முகத்துக்கு முன்னால் காட்டுவார்.

"என்ன மாப்ள, இது ஸ்பீக்கர் கதவா, பலாப்பழமா?"

"ஈரம் அதிகமுங்க மச்சான். செட்டாயிரும்."

"எப்ப, என் மக கல்யாணத்துக்கா? பொம்பளைய நம்பி வண்டிய அவுத்துப் போட்டேன் பாரு, என்னையச் சொல்லணும்."

நான் தேய்த்துக்கொண்டிருந்த தாளைக் கீழே வைத்தேன். "எங்கிட்டப் பேசுங்க. நாந்தான பண்றேன்" என்றேன்.

அவர் சிரித்துக்கொண்டே மூக்கைப் பொத்தினார். "ஒங்கிட்ட எப்படித்தா பேசுறது, பக்கத்துல வர முடியலையே. ஏனுங்க, இந்த வாடையிலயா எம் மச்சினன் குடும்பம் நடத்துறான்?"

அந்த 'ஏனுங்க' எங்கள் பேச்சைக் கிண்டல் செய்ய. தொழிலாளர் லயத்து வீடுகளின் பிள்ளைகள் இரண்டு பேர் அதைக் கேட்டுவிட்டு, அன்று முழுவதும் நான் போகும் பக்கமெல்லாம் ஏனுங்க என்று கூவி மூக்கைப் பிடித்தார்கள். என் வீட்டுக்காரர் ஒயரைச் சீவிக்கொண்டே இருந்தார். அவருக்கு எப்போதுமே ஒயர் சீவுவதுதான் வேலை.

மூன்றாம் நாள் காலை நங்கை மாத்திரை வாங்கப் பூப்பாறை ஆஸ்பத்திரிக்குப் போனார். அடுப்புக்கு விறகு போட்டு உள்ளே சூடு பார்க்க வேண்டும் என்பதற்காக ஸ்டோர் சாவியைப் புருஷனிடம் கொடுத்துவிட்டுப் போனார். எட்டு மணிக்குப் போனவர் நாலு மணிக்குக் கிட்டத்தில்தான் வருவார். அண்ணன் சாவியைச் சுழற்றிக்கொண்டு கொட்டகைக்கு வந்தார்.

"காயலேன்னு கெடந்து அழுவுறதுக்கு, ஸ்டோர்ல வச்சா என்ன? பச்சைக்காயே அங்க மொறுமொறுன்னு காயுது."

ரெசின் காய்வதில்லை, இறுகுகிறது. காய்கிற பொருளுக்கு ஈரம் போனால் போதும். ரெசினுக்குச் சூடு வேண்டும், சூடு ஏற ஏற அது ஆவியாக மூச்சு விடும். அது எனக்குத் தெரியும். தொட்டிக் கம்பெனியில் முதல் வாரம் சொல்லிக்கொடுத்தது அது. ஸ்டோரில் தீ வெளியில்தான் எரிகிறது, ஆகவே பற்றிக்கொள்ளும் என்ற பயம் இல்லை என்று மட்டும் மனதில் ஓடியது. என் வீட்டுக்காரர்தான் மெதுவாகக் கேட்டார்.

"ஏம்புள்ள, ஏலக்காய் இருக்குது. வாடை புடிச்சுக்காது?"

அண்ணனும் அதே நேரம் என்னைப் பார்த்தார். வந்ததிலிருந்து முதல்முறையாக என்னிடம் நேராகக் கேட்டார். "வாடை அடிக்குமா? அடிக்கும்னா சொல்லிரு, வேண்டாம்."

மூன்று நாளாக அந்த மூக்குப் பொத்தலைப் பார்த்துப் பார்த்து எனக்குள் என்னென்னவோ சேர்ந்திருந்தது. வாடை அடிக்கும் என்று சொன்னால், நான் நாறுகிறேன் என்று என் வாயாலேயே ஒப்புக்கொண்ட மாதிரி. கதவுப் பலகையைக் கையில் எடுத்து, முகத்துக்கு நேராக வைத்து, அவர்கள் பார்க்கவே ஆழமாக ஒரு மூச்சு இழுத்தேன். எனக்கு ஒன்றும் தெரியவில்லை.

"ஒரு வாடையும் இல்லீங்க. நீங்க எல்லாரும் சும்மா வேசம் கட்டறீங்க" என்றேன்.

நானே தூக்கிக்கொண்டு போய் வைத்தேன். இரண்டு கதவுப் பலகை, டேஷ்போர்டுக்கான துண்டு, சீட்டுக்குப் பின்னால் வரும் பெட்டி. காய்த் தட்டுகளுக்கு மேலே காலியாக இருந்த இரண்டு அடுக்கில் வரிசையாக அடுக்கிக் கதவைச் சாத்தினேன். மூன்று நாளாக எட்டிப் பார்க்கக்கூடாது என்று விரட்டப்பட்ட இடத்துக்குள் நெஞ்சை நிமிர்த்திப் போய்வந்ததில் எனக்குச் சந்தோஷமாக இருந்தது. இதை மறைப்பதற்கு ஒன்றுமில்லை.

மத்தியானம் திறந்து பார்த்தபோது கதவுகள் இறுகியிருந்தன. நகத்தால் தட்டினால் டக்கென்று சத்தம். அவ்வளவு சுத்தமாக ஒரு ஓடு எனக்கு மீனாட்சிபுரத்தில்கூட வந்ததில்லை. வெளியே எடுத்து ஸ்டோர் வராண்டாவில் சாய்த்துவைத்துவிட்டு, அண்ணனை வரச்சொல்லித் தட்டிக் காட்டினேன். அவர் தட்டிப் பார்த்தார். பிறகு ஸ்டோர்க் கதவுப் பக்கம் திரும்பி நின்றார். அவர் முகம் மாறியது எனக்குத் தெரிந்தது, காரணம் தெரியவில்லை.

நங்கை வந்தார். மாத்திரைப் பொட்டலம் கையிலேயே இருந்தது. வீட்டுப் பக்கம் போகவில்லை, முற்றத்திலிருந்தே நேராக ஸ்டோருக்குத்தான் நடந்தார். கதவைத் திறந்தார், ஒரு காலை உள்ளே வைத்தார், வைத்த காலைப் பின்னால் எடுத்தார். ஒரு தட்டிலிருந்து கைப்பிடி காயை அள்ளிக்கொண்டு வெளியே வந்து, என் வீட்டுக்காரரையும் அண்ணனையும் தாண்டி என்னிடம் வந்தார்.

"இதுல என்ன வாடை வருது சொல்லு."

குனிந்து மோந்து பார்த்தேன். "ஒண்ணும் வல்லீங்களே" என்றேன்.

"ஒண்ணுமேவா?"

"ஒண்ணுமே வல்லீங்க."

அவர் ஒரு காயைப் பல்லில் வைத்து உடைத்து, உள்ளே இருந்த கறுப்பு அரிசியை உள்ளங்கையில் நசுக்கி என் மூக்குக்கு அடியில் பிடித்தார். "இது?"

நான் மறுபடியும் இழுத்தேன். அப்போதுதான் எனக்குப் புரிய ஆரம்பித்தது. ரெசின் வாடை மட்டும் இல்லை, ஏலக்காய் வாசமும் இல்லை. ஏலக்காய்க்கு நடுவில் மூன்று நாள் இருந்திருக்கிறேன். மலை முழுக்க அந்த வாசம் என்று போகிறவர் வருகிறவர் எல்லாம் சொல்கிறார்கள். நான் ஒரு நாளும் அதை நினைக்கவேயில்லை.

"காலையில காப்பியில தட்டிப் போட்டனே. அது?"

"இனிப்பா இருந்துச்சுங்க" என்றேன்.

என் வீட்டுக்காரர் ஒயரை வைத்துவிட்டு எழுந்து நின்றார். நங்கை என்னையே பார்த்தார். அந்தப் பார்வையில் இரக்கம் இருந்தது என்று சொல்ல எனக்கும் ஆசைதான். இல்லை. ஒரு சாமான் ரிப்பேரா இல்லையா என்று பார்க்கிற பார்வை அது. அதற்குள் மேனேஜரின் ஜீப் சத்தம் மேட்டில் கேட்டது. தினமும் நாலு மணிக்குக் காய் பார்க்க வருகிறவர்.

அங்கே ஒரு சட்டம் உண்டு. ஸ்டோர் சாவி வெளியாள் கைக்குப் போனால் அது திருட்டுக் கேஸ், பேச்சே கிடையாது. அண்ணன் இதைச் சொல்லித்தான் முதல் நாள் என் வீட்டுக்காரரிடம் பெண்டாட்டியின் பவுசைப் பேசினார். இப்போது தூணைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

மேனேஜர் மலையாளி, நங்கையைவிட வயதில் சின்னவர். உள்ளே போனவர் உடனே வெளியே வந்தார். "இதெந்து மணமா?" என்றார். மலையாளத்தில் நல்லதும் கெட்டதும் எல்லாமே மணம்தான். சேச்சிக்கு இது தெரியவில்லையா என்று மலையாளத்திலேயே கேட்டார். கோபமாகக்கூடக் கேட்கவில்லை, நம்ப முடியாமல் கேட்டார்.

நங்கை வராண்டாவில் சாய்த்துவைத்திருந்த கதவுகளைக் காட்டினார். வண்டி வேலையை மழைக்காக இங்கே வைத்துச் செய்யச் சொன்னது தான்தான் என்றார். அந்த வாடை ஜன்னல் வழியாக உள்ளே போயிருக்கும் என்றார். பிறகு சொன்னார்.

"எனிக்கி அறிஞ்ஞில்லா சாறே. மூக்கு போயி. கொறச்சு நாளாயிட்டு ஒரு மணமும் கிட்டுணில்லா."

தனக்குக் கொஞ்ச நாளாகவே ஒரு வாசமும் தெரியவில்லை என்கிறார். சற்று முன்னால் என்னிடமிருந்து கேட்டு வாங்கிய சொல்லை, என் கண் முன்னாலேயே தன்னுடையது என்று எடுத்துக் கொடுக்கிறார். ஏழு வருடமாக வாய் வாய் என்று பேர் வாங்கிய நான் ஸ்டேப்ளரைக் கையில் பிடித்துக்கொண்டு நின்றேன். இல்லை, அது நான் என்று சொல்ல எனக்கு நிறைய நேரம் இருந்தது. மேனேஜர் உள்ளே போய், தட்டுத் தட்டாகப் பார்த்து, திரும்பி வரும் வரைக்கும் நேரம் இருந்தது. நான் சொல்லவில்லை. பயந்துவிட்டேன். கோபம் மட்டும்தான் எனக்கு வரும் என்று அதுவரை நம்பிக்கொண்டிருந்தேன்.

மூக்கு இல்லாத ஆளை ஸ்டோரில் வைத்து என்ன செய்வது? மேனேஜர் சாவியை வாங்கிக்கொண்டார். வீட்டைக் காலி செய்ய மாதக் கடைசி வரைக்கும் நேரம் கொடுத்தார்.

நங்கை அடுப்படிக்குப் போனார். நான் பின்னாலேயே போனேன். என்ன சொல்லப் போனேன் என்று இப்போதும் தெரியாது.

"உனக்கோசரம் சொன்னேன்னு நெனச்சுக்காத" என்றார், திரும்பாமல். "சாவி குடுத்தது அவரு. கொண்டுபோய் வெச்சது நீ. உங்க பேரைச் சொன்னா அவரைப் புடிச்சு ஜீப்புல ஏத்துவாங்க. என்ற தம்பிய ஸ்டேஷன்ல நிறுத்துவாங்க. என்ற மூக்கைச் சொன்னா என்னைய மட்டும் போவச் சொல்லுவாங்க. அதான்."

"நங்கை…"

"போய்க் குளி. சோறு திங்கோணும்."

கதவுகளைச் சுத்தியலால் அடித்து உடைத்துவிட்டுப் போக வேண்டும் என்றுதான் எனக்கு இருந்தது. உடைத்தால் நங்கைக்கு என்ன கிடைக்கும் என்று என் வீட்டுக்காரர் கேட்டார். அவர் அபூர்வமாக ஒரு நியாயம் பேசுவார். பட்டி போட்டேன், தேய்த்தேன், பெயிண்ட் அடித்தேன். அவர் ஒயரைக் கொடுத்து மாட்டினார். ஐந்தாம் நாள் சாயங்காலம் பாட்டுப் போட்டார்கள், கதவு ஒரு இடத்தில்கூட அதிரவில்லை. அண்ணன் கதவைத் தடவிவிட்டு, "வேலை சுத்தம், தங்கச்சி" என்றார். வீடு போகப்போகிறது, ஆளுக்குப் பாட்டு வேண்டியிருக்கிறது. மிச்சம் இருந்த ரெசினை அவர் தலையில் கவிழ்க்காமல் வந்தது நங்கை வாசலில் நின்றதால்தான்.

ஊருக்கு வந்து டாக்டரிடம் காட்டினேன். மாஸ்க் போடாமல் இத்தனை வருடம் அதை மூச்சில் இழுத்திருக்கிறாய், வாசம் திரும்பி வரலாம், வராமலும் போகலாம் என்றார். அன்றிலிருந்து மாஸ்க் போடுகிறேன். எங்கள் கொட்டகையைத் தாண்டுகிறவர்கள் மூக்கைப் பொத்தினால் இப்போது சண்டைக்குப் போவதில்லை. சோறு அடிப்பிடிப்பதை என் வீட்டுக்காரர்தான் முன்னறையிலிருந்து கத்திச் சொல்கிறார்.

நங்கை குடும்பம் பூப்பாறையில் ஒரு ஒற்றை அறைக்கு மாறியது. மகள் பஸ்ஸில் பள்ளிக்கூடம் போகிறாள். நங்கை வேறு எஸ்டேட்டுக்குக் காய் எடுக்கப் போகிறார். அண்ணனுக்கும் அங்கேதான் ஓட்டம். நங்கை பிக்கப்பில், பின்பக்கம், மற்ற பெண்களோடு உட்கார்ந்து போகிறார் என்று கேள்விப்பட்டேன். என் பெட்டி அவர் முதுகுக்கு நேர் பின்னால் இருக்கும்.

மூன்று மாதம் பொறுத்து நங்கைக்குப் போன் செய்தேன். அவர் எடுத்தார், என் குரலைக் கேட்டும் வைக்கவில்லை. நான் ஒத்திகை பார்த்து வைத்திருந்ததை ஒரே மூச்சில் சொன்னேன். "நான் அந்த மேனேஜர்கிட்டயே வந்து சொல்லிர்றனுங்க நங்கை. மூக்கு போனது எனக்குத்தான்னு, நாந்தான் வெச்சேன்னு. டாக்டர் சீட்டு இருக்குதுங்க."

பின்னால் பெண்கள் பேசுவது கேட்டது, வேலை இடம் போல.

"இப்பச் சொன்னா நான் பொய்க்காரி ஆயிருவேன்" என்றார். "பொய்க்காரிக்குக் காய் எடுக்கற வேலையும் தரமாட்டாங்க. நீ வாயை மூடிட்டு இரு. அன்னைக்கு இருந்தயல்ல."

"சரிங்க" என்றேன்.

"இங்கயும் ஒரு ஸ்டோர் இருக்குது. தெனமும் அதைத் தாண்டித்தான் மேல போறோம். பாத்துக்கறது ஒரு புதுப் புள்ள, ஒண்ணும் தெரியாது. நேத்து தாண்டுறப்ப ஒரு தட்டு தீயற வாசம் வந்துச்சு. அஞ்சு நிமிசத்துல திருப்பியிருந்தா மிச்சம் புடிச்சிருக்கலாம். நான் மூக்கில்லாதவளாச்சே. எல்லாரோடவும் சேந்து பேசாம நடந்து போனேன்."

போனை வைத்துவிட்டார்.